தெருத் திட்டத்தில் பெரியவர்களின் பேச்சு எடுபட என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உங்கள் பகுதியில் 65 வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பக்கத்துப் பெரிய தெருவை மாற்றி அமைக்கப் போகிறார்கள், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போனீர்கள், அவர்களும் பேசினார்கள், மேடையில் இருந்தவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள், அப்புறம் வந்த வரைபடத்தில் அவர்கள் சொன்னது எதுவுமே இல்லை. அடுத்த முறை இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

இந்த மாதிரிக் குழுக்களோடு பல வருஷமாக வேலை செய்கிறேன். நான் பார்த்த வரையில் பெரியவர்களைப் பேச வைப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குத் தங்கள் தெரு அங்குலம் அங்குலமாகத் தெரியும், எந்த இடத்தில் கால் தடுக்கும், எந்தத் திருப்பத்தில் வண்டி சத்தமில்லாமல் வந்து நிற்கும் என்று கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். கஷ்டம் எங்கே என்றால், அவர்கள் சொல்வது வரைபடத்தில் ஒரு கோடாகவோ, சிக்னல் பெட்டிக்குள் ஒரு எண்ணாகவோ, பேருந்து அட்டவணையில் ஒரு நேரமாகவோ மாற வேண்டும். அந்த இடைப்பட்ட வேலையை யாரும் செய்வதில்லை. பெரியவர் "ரோட்டைக் கடக்கவே பயமா இருக்கு" என்கிறார், பொறியாளருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, "பரிசீலிக்கிறோம்" என்று எழுதிவிட்டுப் போகிறார். நீங்கள் கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை 8 படிகள் உள்ள ஒரு ஏணியாக வரைந்து காட்டினார். கீழே இருக்கும் படிகளில் பங்கேற்பு என்ற பெயர் மட்டும்தான் இருக்கும், மேலே போகப் போகத்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு கிடைக்கும். உங்களுக்கு நடந்தது நடுவில் உள்ள 4-ஆவது படி: கருத்தைக் கேட்டார்கள், கேட்டதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அங்கிருந்து ஒரே தாவலில் உச்சிக்குப் போக முடியாது. ஆனால் இன்னும் ஒன்றிரண்டு படி மேலே போவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் நேரம். பொதுவாக ஒரு தெருத் திட்டம் வாகனங்களையும் ஆட்களையும் எண்ணுவதில் தொடங்கி, உத்தேசத் திட்டம், விரிவான வரைபடம், டெண்டர், வேலை என்று போகும். பொதுக்கூட்டம் பெரும்பாலும் வரைபடம் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் வைக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் நடைபாதையின் அகலத்தைக் கூட்டச் சொன்னால், வடிகால் இடம் மாற வேண்டும், மின்கம்பம் மாற வேண்டும், மதிப்பீடு மாற வேண்டும், யாரும் சம்மதிக்க மாட்டார்கள். டெண்டர் போன பிறகு இன்னும் மோசம். அதனால் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். உள்ளூர் நிர்வாகத்தின் இந்த வருஷ வேலைப் பட்டியல், வரவுசெலவுத் திட்டம் இரண்டையும் வாங்கிப் பார்த்து, எந்தெந்தத் தெரு வரப்போகிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எண்ணுகிற கட்டத்தில் உள்ளே போனால் கேட்பது எல்லாமே மலிவு. இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது: பழைய தெருவுக்கு மறுபடி தார் போடும்போது எல்லாக் கோடுகளையும் எப்படியும் புதிதாகத்தான் வரையப் போகிறார்கள். ஜீப்ரா கோட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்துவது, வாகனம் நிற்க வேண்டிய கோட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவது, வாகனப் பாதையைக் குறுக்குவது எல்லாம் அந்த வாரத்தில் பெயின்ட் செலவோடு முடிந்துவிடும். அந்த வாரம் போனால் அடுத்த வாய்ப்புக்குப் பல வருஷம் ஆகும்.

அடுத்தது எண். இதில்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பாதசாரி சிக்னலில் எத்தனை விநாடி கொடுப்பது என்பதை ஒரு நடை வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நீண்ட காலமாகப் பல நாடுகளில் அந்த வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். 12 மீட்டர் அகலமுள்ள தெருவென்றால் 10 விநாடி. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடையை அளந்த ஒரு பெரிய உடல்நல ஆய்வின் தரவுகளை வைத்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது: ஆண்களின் சராசரி விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8. சராசரியே இவ்வளவுதான், கைத்தடியோடு நடப்பவர் இன்னும் மெதுவாகத்தான் போவார். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் அம்மா அந்த 10 விநாடி முடியும்போது 8 மீட்டர்தான் கடந்திருப்பார், இன்னும் 4 மீட்டர் பாக்கி, அதற்குள் வண்டிகள் கிளம்பிவிடும். "கடக்கவே பயமா இருக்கு" என்று அவர் சொன்னதன் உள்ளே இருந்தது இந்த 4 மீட்டர்தான். நீங்கள் அதையே "இந்த சிக்னலில் 10 விநாடி தருகிறீர்கள், எங்கள் ஆட்கள் 20 பேரை அளந்தோம், அதில் இத்தனை பேருக்கு 15 விநாடிக்கு மேல் தேவைப்பட்டது" என்று கொண்டுபோனால், பொறியாளர் அதை வைத்து அன்றைக்கே ஒரு குறிப்பு எழுத முடியும். சிக்னல் நேரத்தை மாற்ற ஒரு செங்கல்கூட நகர வேண்டியதில்லை.

இதற்கு முன்னுதாரணங்களும் உண்டு, கூட்டத்தில் சொல்லலாம். சிக்னல்களுக்கும் சாலைக் குறியீடுகளுக்குமான அமெரிக்காவின் தேசியக் கையேடு இந்தக் கணக்கு வேகத்தை 2009-இல் விநாடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாக, அதாவது ஏறக்குறைய 1.07 மீட்டராகக் குறைத்தது. அதே 2009-இல் சிங்கப்பூர், மூத்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை நேரம் நீளும் ஏற்பாட்டைத் தொடங்கியது, தெருவின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும். எல்லா ஊரிலும் அந்தக் கருவி கிடைக்காது. ஆனால் "வேறெங்கும் இப்படிச் செய்வதில்லை" என்ற பதில் வந்தால் அதற்கு மறுமொழி உங்களிடம் இருக்க வேண்டும்.

சரி, எண்ணிக்கை பற்றி இன்னொன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று தோன்றுகிறது. ஒரு இடத்தில் சிக்னலோ கடவைப் பாதையோ வேண்டும் என்று கேட்டால், ஆளை வைத்து எண்ணுவார்கள், மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று. எண்ணிக்கை குறைவாக வரும், "தேவை இல்லை" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் பெரியவர்கள் கடக்காததற்குக் காரணமே கடக்க முடியாததுதானே? ஆற்றை எத்தனை பேர் நீந்திக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பாலம் வேண்டாம் என்று சொல்வது போன்றது இது. அந்த எண்ணிக்கையில் விழாதவர்களை எண்ணுவது உங்கள் வேலை. வீடு வீடாகப் போய், தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்றே கேள்வி கேளுங்கள்: முன்பு நடந்து போய், இப்போது போவதை நிறுத்திய இடம் எது, எப்போதிலிருந்து நிறுத்தினீர்கள், வழியில் எந்த இடம் காரணம். 40 வீட்டில் கேட்டு 25 பேர் ஒரே முனையைச் சொன்னார்கள் என்று வையுங்கள், அந்த 25 எந்த வாகனக் கணக்கெடுப்பிலும் வராத எண், உங்களைத் தவிர யாரிடமும் இல்லாத எண். விதிமுறைகளிலும் இதற்கு இடம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்ன அமெரிக்கக் கையேட்டிலேயே, கடப்பவர்களில் மெதுவாக நடப்பவர்களின் வேகம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால், சிக்னலுக்குத் தேவையான பாதசாரி எண்ணிக்கையைப் பாதி வரை குறைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

விபத்துக் கணக்கிலும் இதே ஓட்டை. காவல்துறைப் பதிவில் பொதுவாக வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துதான் வரும். நடைபாதையில் பெயர்ந்த கல்லில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவர் அந்தப் பதிவில் இல்லை, ஆகவே அந்தத் தெரு காகிதத்தில் "பாதுகாப்பான தெரு". சுவீடனில் ஸ்ட்ராடா என்ற பதிவு முறையில் காவல்துறைத் தகவலோடு மருத்துவமனைத் தகவலையும் சேர்க்கிறார்கள், அதனால் தானாக வழுக்கி விழுந்தவர்களும் கணக்கில் வருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால் நீங்களே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். விழுந்த இடம், நாள், நேரம், வெளிச்சம் இருந்ததா, எதில் தடுக்கியது, சிகிச்சை தேவைப்பட்டதா. விழுந்தவரின் பெயர் வெளியே போகக் கூடாது, இது கட்டாயம், ஏனென்றால் விழுந்தேன் என்று சொன்னால் பிள்ளைகள் இனி தனியாக வெளியே விட மாட்டார்கள் என்ற பயத்தில் பலர் மறைப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் மூன்று முறை விழுந்ததை ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

இப்போது நடை ஆய்வு. பெரியவர்களோடு சேர்ந்து தெருவில் நடந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன். 6 முதல் 8 பேர் போதும், அதற்கு மேல் போனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொன்றைப் பேசும். தூரம் 400, 500 மீட்டருக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரம் தாராளமாக ஆகும். கைத்தடிக்காரர் ஒருவர், வாக்கர் வைத்திருப்பவர் ஒருவர், பார்வை மங்கியவர் ஒருவர், காது கேட்காதவர் ஒருவர், இன்னும் வேகமாக நடக்கிறவர் ஒருவர் என்று கலந்து கூட்டிப் போங்கள். மடக்கு நாற்காலி இரண்டை யாராவது தூக்கிக்கொண்டு வரட்டும். நாற்காலியைப் போட வேண்டி வந்த ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள், பெஞ்ச் எங்கே வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டி நெறிகள் மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை இருக்க வேண்டும் என்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க அந்த அளவு உதவும். பெஞ்சில் கைப்பிடி இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், கை ஊன்றி எழ முடியாத பெஞ்சில் பெரியவர்கள் உட்காரவே மாட்டார்கள்.

கையில் அளவு நாடா, நேரம் பார்க்க ஒரு கைப்பேசி, பெரிய எழுத்தில் அச்சடித்த வரைபடம், இவ்வளவு போதும். நடைபாதை விளிம்பின் உயரம், கம்பத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி, பச்சை விநாடி, மறுபக்கம் போய்ச் சேர எடுத்த விநாடி, எல்லாவற்றையும் அளங்கள். படம் எடுக்கும்போது முழங்கால் உயரத்தில் கைப்பேசியை வைத்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் 20 சென்டிமீட்டர் படி ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும், தாழ்வாக வைத்து எடுத்தால் அது ஒரு சுவர் என்று புரியும். பகலில் ஒரு முறை நடந்தீர்கள் என்றால் இருட்டிய பிறகும் ஒரு முறை நடங்கள், மழை பெய்து முடிந்ததும் இன்னொரு முறை. தண்ணீர் தேங்குகிற இடம் எப்போதும் சரியாக நடைபாதையிலிருந்து சாலைக்குச் சரிவு இறங்குகிற முனையிலேயேதான் இருக்கிறது, ஏனோ தெரியவில்லை, நான் பார்த்த முக்கால்வாசித் தெருக்களில் அப்படித்தான்.

முடிந்தால் அந்த நடைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள். குற்றம் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம், கூட நடக்க மட்டும் கூப்பிடுங்கள். ஒரு முறை ஒரு இளம் பொறியாளர் வந்தார், எங்கள் குழுவில் 80 வயதுக்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு சிக்னலைக் கடந்தார், பாதியில் சிவப்பு விழுந்துவிட்டது, வண்டிகள் ஹாரன் அடித்தன. மறுபக்கம் போனதும் பொறியாளர் வேறொன்றும் பேசவில்லை, தன் கைப்பேசியை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் அந்தப் பச்சை 6 விநாடி நீண்டது. அதே விஷயத்தை நாங்கள் அதற்கு முன் மூன்று கடிதத்தில் எழுதியிருந்தோம்.

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சில சின்ன விஷயங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மாலை இருட்டிய பிறகு கூட்டம் வைத்தால் பெரியவர்கள் வர மாட்டார்கள், பகல் வேண்டும் என்று கேளுங்கள். மாடியில் என்றால் லிஃப்ட் இருக்கிறதா, கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா, மைக் எல்லாரிடமும் போகுமா என்று முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காதவர் வெட்கப்பட்டுக் கேட்காமலேயே தலையாட்டிவிட்டு வருவார், "அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்" என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். அப்புறம் வரைபடம். மேலிருந்து பார்த்து வரைந்த படத்தைப் படிப்பது பழக்கம் இல்லாத யாருக்குமே கடினம், அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மைதானத்திலோ வாகனம் நிறுத்தும் இடத்திலோ சுண்ணாம்பால் அந்தத் தெருவின் ஒரு பகுதியை உண்மை அளவிலேயே தரையில் வரைந்து, பெரியவர்களை அதில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் நடைபாதை என்று காகிதத்தில் படித்தபோது தலையாட்டியவர்கள், தரையில் வாக்கரோடு எதிரெதிரே வந்து நின்றதும் "இது போதாதே" என்று தாங்களே சொல்வார்கள்.

யார் பேசுவது என்ற கேள்விக்கு என் பதில், பெரியவர்கள்தான் பேச வேண்டும். இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கூட்டத்தில் நேரம் குறைவு என்று எல்லாருடைய கருத்தையும் நானே தொகுத்துப் பேசிவிட்டேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதிகாரிகள் அதற்குப் பிறகு என்னைத்தான் கூப்பிட்டார்கள், என்னிடம்தான் பேரம் பேசினார்கள், ஒரு கட்டத்தில் பெரியவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, தங்களுக்கு இதில் வேலை இல்லை என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் குழுவை மறுபடி சேர்க்க ஒரு வருஷம் ஆனது. அதனால் இப்போதெல்லாம் இரண்டு பேரைத் தயார் செய்கிறேன்: ஒருவர் தனக்கு நடந்த ஒன்றை மூன்று நிமிடத்துக்குள் சொல்வார், அடுத்தவர் அளந்த எண்களையும் கேட்கும் மாற்றத்தையும் சொல்வார். முன்னாள் ஆசிரியர், ஓய்வுபெற்ற கணக்கர், மேஸ்திரி, ஓட்டுநர் என்று உங்கள் பெரியவர்களிலேயே ஆள் இருப்பார்கள், அவர்களுடைய பழைய தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேஸ்திரியாக இருந்தவர் சரிவு எத்தனைக்கு எத்தனை என்று பேசும்போது அறையில் யாரும் குறுக்கிடுவதில்லை.

ஒன்றைக் கண்டிப்பாக எதிர்பாருங்கள், பெரியவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. கார் ஓட்டும் 70 வயதுக்காரருக்கு வாசலில் வண்டி நிறுத்த இடம் வேண்டும், நடக்கும் 75 வயதுக்காரருக்கு அதே இடத்தில் அகலமான நடைபாதை வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கு நடைபாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும், பார்வை இல்லாதவருக்கோ அந்தச் சின்னப் படிதான் சாலை தொடங்குகிறது என்று சொல்லும் அடையாளம், அதை எடுத்துவிட்டால் அவர் தெரியாமல் வண்டிகளுக்கு நடுவே போய் நிற்பார். இந்த இரண்டாவது முரண்பாட்டுக்கு நல்ல விடை எப்போதோ வந்துவிட்டது: ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கி, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த, காலுக்குத் தட்டுப்படும் மேடுகள் உள்ள ஓடுகள். சரிவும் இருக்கும், சரிவின் விளிம்பில் அந்த ஓடும் இருக்கும், இருவருக்கும் சரி. ஆனால் முதல் முரண்பாட்டுக்கு அப்படி எளிதான விடை கிடையாது. அதை வெளியே கூட்டத்தில் வைத்துச் சண்டை போடாமல் முன்னாலேயே உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு போங்கள். இரண்டு கோஷ்டியாகப் போய் நின்றால் "மக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை" என்று எழுதிவிட்டுப் பழைய வரைபடத்தையே போட்டுவிடுவார்கள். என் சொந்தக் கருத்து, இடம் குறைவாக இருக்கும்போது நடப்பவருக்குத்தான் முன்னுரிமை. கார் ஓட்டுபவரும் இன்னும் சில வருஷத்தில் ஓட்டுவதை நிறுத்துவார், அன்றைக்கு அவருக்கும் அந்த நடைபாதைதான். இதை அவரிடம் தனியாக உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்.

பேருந்து விஷயத்தில் பெரியவர்களின் தேவை வேறு மாதிரி. பேருந்துச் சேவையைப் பெரும்பாலும் வேலைக்குப் போய்வருகிற காலை மாலை நெரிசலை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். பெரியவர்கள் போவது 10 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில், மருத்துவர், வங்கி, சொந்தக்காரர் வீடு என்று, அதுவும் நகரத்தின் மையத்துக்குப் போகாமல் ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு. அந்த நேரத்தில்தான் பேருந்து குறைவு, அந்தத் திசையில்தான் நேர்வழி கிடையாது. ஒரு வாரத்துக்கு 15 பேர் போன இடம், வந்த இடம், காத்திருந்த நிமிடம் மூன்றையும் எழுதிவைத்தால் போதும், போக்குவரத்துத் துறையிடம் பேச ஒரு காகிதம் கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கை: பேருந்து வேகமாகப் போக வேண்டும் என்று நிறுத்தங்களைக் குறைப்பார்கள், அதில் நியாயமும் உண்டு, ஆனால் நிறுத்தம் 200 மீட்டர் தள்ளிப் போனால் சிலருக்கு அந்தப் பேருந்தே இல்லாமல் போகும். எந்த நிறுத்தத்தை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்று நீங்களே ஒரு பட்டியல் கொடுங்கள். எதையும் எடுக்காதே என்று நின்றால் அவர்கள் இஷ்டத்துக்கு எடுப்பார்கள். தாழ்தளப் பேருந்து வந்தாலும் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்த முடியாதபடி நிறுத்தத்தில் வண்டிகள் நின்றால் அந்தத் தாழ்தளத்தால் பயன் இல்லை, அதையும் படம் எடுத்துவையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு இணக்கமான நகரங்கள் என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 33 நகரங்களில் பெரியவர்களைக் குழுக்களாக உட்கார வைத்துப் பேசச் சொல்லி, அதிலிருந்து எழுதியது. வெளியிடங்களும் போக்குவரத்தும் அதன் 8 தலைப்புகளில் இரண்டு. அப்படிப்பட்ட நகரங்களுக்கு அந்த நிறுவனம் நடத்தும் வலையமைப்பில் உங்கள் நிர்வாகம் சேர்ந்திருந்தால் அது கொடுத்த வாக்கைக் காட்டிக் கேட்கலாம். நியூயார்க் நகரம் 2008-இல் பெரியவர்கள் அதிகம் அடிபடும் 25 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, சிக்னல் நேரத்தை நீட்டுவது, அகலமான சாலையின் நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு அமைப்பது என்று வேலை செய்தது. இதையெல்லாம் உங்கள் மனுவின் கடைசியில் ஒரு பத்தியில் சேர்த்தால் போதும், முதல் பக்கம் முழுக்க உங்கள் தெருவாகவே இருக்கட்டும்.

மனுவில் நிறையக் கேட்காதீர்கள். எங்கள் முதல் மனுவில் 31 கோரிக்கை இருந்தது, அதில் அவர்கள் தங்களுக்குச் சுலபமான இரண்டைச் செய்துவிட்டு மனுவை முடித்துவைத்தார்கள். இப்போது மூன்று கேட்கிறோம். ஒன்று இந்த மாதமே செலவில்லாமல் செய்யக்கூடியது, சிக்னல் விநாடி போல. ஒன்று இந்த வருஷத்துப் பராமரிப்புப் பணத்தில் முடியக்கூடியது, சரிவு, பெஞ்ச், ஜீப்ரா கோடு போல. ஒன்று வரைபடத்திலேயே மாற வேண்டியது, நடைபாதை அகலம் போல. ஒவ்வொன்றுக்கும் இடம், இப்போதைய அளவு, கேட்கும் அளவு, அளந்த தேதி. மூன்றாவதுக்கு அவர்கள் தயங்கினால் சோதனையாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: பிளாஸ்டிக் கூம்புகளையும் பெயின்டையும் வைத்து ஒரு மாதம் திருப்பத்தில் நடைபாதையின் முனையை அகலப்படுத்திக் காட்டலாம், வண்டிகள் மெதுவாகத் திரும்புகின்றனவா என்று எல்லாருமே பார்க்கலாம். சோதனைக்கு முன்பும் பின்பும் நீங்கள் அளக்க வேண்டும், அவர்கள் அளப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

முடியாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "எந்த விதியின்படி முடியாது, யார் முடிவு செய்தது, மறுபடி எப்போது பார்ப்பீர்கள்" என்று மூன்றே வரி. வாய்வார்த்தையாக வந்த பல மறுப்புகள் எழுத்தில் கேட்டதும் கரைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பாதி நேரம் விதி எதுவும் இல்லை, பழக்கம்தான் இருந்தது.

உங்கள் தெருவைப் பொறுத்தவரை வரைபடம் வந்துவிட்டது என்கிறீர்கள், டெண்டர் இன்னும் போகவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து புரிகிறது. அப்படியென்றால் வரும் வாரத்திலேயே ஒரு காலை நடையை வையுங்கள், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. அகலத்தை மாற்றுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், அந்த வரைபடத்துக்குள்ளேயே மாற்றக்கூடியவற்றைப் பாருங்கள்: ஜீப்ரா கோடு மக்கள் உண்மையில் கடக்கிற இடத்தில் இருக்கிறதா, சரிவுகள் அந்தக் கோட்டுக்கு நேரே இறங்குகின்றனவா, நடுத்திட்டில் ஒரு வாக்கர் நிற்க ஆழம் இருக்கிறதா, கம்பமும் பெயர்ப்பலகையும் நடைபாதையின் நடுவில் வருகின்றனவா. கம்பத்தை அரை மீட்டர் தள்ளுவது இன்றைக்கு ஒரு அழிப்பான் வேலை. தெரு முடிந்து திறந்த பிறகு, ஆறு மாதம் கழித்து அதே பெரியவர்களோடு அதே வழியில் நடந்து மறுபடி விநாடிகளை எண்ணுங்கள், அந்தத் தாளின் ஒரு பிரதியை அந்தப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். நல்லது நடந்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள், அடுத்த தெருவுக்கு அவர்தான் வருவார்.